மருதாணி வேலியின் உள்பக்கம்

ஒரு குச்சியில் மேல் எது, கீழ் எது என்று தெரியாத ஒருவனுக்கு அரசாங்கம் மாதாமாதம் சம்பளம் கொடுத்து வந்தது. அந்த ஆள் நான்தான். அது எனக்கே தெரியவந்தது ஒரு வேலி நட்டபோது.

எழுபதுகளின் நடுவில் பெரம்பலூருக்கு மாற்றலாகி வந்தோம். திருச்சி ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓட்டு வீடு. சுற்றிலும் இடம் தாராளம், சுவர்தான் கிடையாது. தெருவில் போகிற ஆடுகளெல்லாம் எங்கள் வாசலைப் பயணியர் விடுதியாக நினைத்துக்கொண்டன. கொடியில் காய்ந்த என் நல்ல வேட்டியில் ஒரு முழத்தை ஒரு வெள்ளாடு தின்றுவிட்டது. மிச்சத்தை நான் துண்டாக வைத்துக்கொண்டேன். அரியலூரில் இருந்த வீட்டுக்காரரிடம் போய் முறையிட்டபோது, "வேலி போட்டுக்குங்க சார், நானா வேணாங்குறேன்?" என்று பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார்.

அந்த வருஷம்தான் அக்கா எங்களோடு வந்து சேர்ந்தாள். பாடாலூர் பக்கத்தில் லாரி மோதி அவள் கணவர் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. ஒரு தகரப் பெட்டியும் அவளுமாக பஸ்ஸை விட்டு இறங்கினாள். நாற்பது வயதுக்கு அவளுக்கு இன்னும் நிறைய தூரம் இருந்தது.

சின்ன வயதிலிருந்து அவளைச் சிரிக்க வைப்பது என் உத்தியோகம். வாத்தியார் மாதிரி நடந்து காட்டுவேன், சித்தப்பா மாதிரி தும்மிக் காட்டுவேன், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இப்போதும் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். மூடாத குழாயைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். என் மனைவிதான், "கொஞ்ச நாளைக்கு அண்ணிய சும்மா வுடுங்க, கோமாளி வேஷம் ஆபீஸோட இருக்கட்டும்" என்று என்னை அடக்கினாள்.

ஒரு நாள் ஆடு விரட்டிவிட்டு வந்த அக்கா கேட்டாள்.

"டேய், வாசல்ல மருதாணி வேலி வெக்கலாமா?"

அரிசி களைந்துகொண்டிருந்த என் மனைவியின் கை நின்றுவிட்டது. பூ, மஞ்சள், குங்குமம் என்று அக்காவிடமிருந்து எடுத்துப் போட்டவற்றில் மருதாணியும் உண்டு. கணவனை இழந்தவள் கையில் அது ஏறக் கூடாது.

"கிளுவை வெக்கலாமேக்கா. சீக்கிரம் வரும்" என்றேன் நான்.

"கோடையில எலையக் கொட்டிட்டு எலும்பா நிக்கும். மருதாணி வருஷம் பூரா பச்சையா இருக்கும்டா. முத்துனா முள்ளு வுடும். ஆடு வராது."

மருதாணி என்று முடிவானது.

ஆபீஸில் கூட வேலை பார்த்தவருக்கு வாலிகண்டபுரத்தில் தோட்டம் இருந்தது. அங்கே பென்சில் கனத்துக் குச்சிகளாக வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். மழைக்காலம் தொடங்கியிருந்தது. வாசலுக்கு இடது பக்கம் அக்கா நட்டாள், வலது பக்கம் நான். அக்கா பக்கம் துளிர்த்தது. என் பக்கம் ஊதுவத்தி கொளுத்தி வைத்த மாதிரி நின்றது. நான் மண்ணைக் குறை சொன்னேன். சுண்ணாம்பு மண், தண்ணீரில் உப்பு, ரோட்டுப் புழுதி என்று ஒரு சொற்பொழிவே நடத்தினேன். அக்கா என் பக்கத்துக் குச்சி ஒன்றைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"டேய்... தலைகீழா நட்டுருக்கடா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. இன்னும் ஒரு வரிசையையும் தலைகீழாக நட்டுவிட நான் தயாராக இருந்தேன்.

இரண்டு பேரும் தப்புத் தப்பாகச் செய்துதான் வேலி வளர்க்கக் கற்றுக்கொண்டோம். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும், கிள்ளின இடத்தில் இரண்டாக வெடிக்கும் என்று அக்கா கண்டுபிடித்தாள். வெட்டும்போது அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருக்க வேண்டும், அப்போதுதான் அடிக்கிளைக்கு வெயில் விழும் என்பதை நான் கண்டுபிடித்தேன். அதாவது, மேலே பெருத்தும் கீழே சூம்பியும் என் உருவத்தைப் போலவே வேலியின் ஒரு துண்டை, ஒரு பத்தியை வெட்டி, அது அடியில் இலையெல்லாம் உதிர்ந்து நின்றபோது கண்டுபிடித்தேன். கோடையில் வேரில் கரையான் ஏறியது. வேப்பம் புண்ணாக்கு போட்டோம். வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியது. துணி சோப்பைக் கரைத்துத் தெளித்தோம். கரைசலை நான் கலந்த இடத்தில் பூச்சியோடு இலையும் கருகியது. அக்கா கலந்த இடத்தில் பூச்சி மட்டும் போனது. தண்ணீரை அவள் தினமும் கொஞ்சம் என்று ஊற்றமாட்டாள். சில நாளைக்கு ஒருமுறை வேர் வரைக்கும் இறங்குகிற மாதிரி ஊற்றுவாள்.

வேலி மார்பளவுக்கு வந்த ஆடியில் தெருப் பெண்கள் வந்தார்கள். ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் கையில் மருதாணி ஏற வேண்டும். எல்லோரும் கிண்ணமும் தூக்குச் சட்டியுமாகத் தெருவில் நின்று வெளிப்பக்கமாகவே உருவினார்கள். யாரும் வாசலுக்குள் வரவில்லை. நல்ல நாளைக்குக் கேட்டுப்போகிற பொருள், உள்ளே போனால் அக்கா எதிரே வருவாள். அவ்வளவுதான். அக்காவும் அவர்கள் வருகிற சத்தம் கேட்டதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். போகும்போது அவள் நடையில் ஒரு அவசரம் இருக்கும், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி. அடுப்பில் ஒன்றும் இருக்காது.

அடுத்தடுத்த ஆடியிலும், கல்யாண மாதங்களிலும் இதே கதைதான். வேலி வெளிப்பக்கம் மொட்டையாகி, உள்பக்கம் புதராகி, வீட்டைப் பார்த்துச் சாயத் தொடங்கியது. அக்கா ஒரு காலை நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ரெண்டு பக்கமும் கிள்ளுனாத்தான்டா நிமுந்து நிக்கும்."

"நீ போய்ச் சொல்லேன், உள்ள வாங்கன்னு."

"நானா?" என்றாள்.

எனக்கு யோசனை வந்தது. எதிர் வீட்டில் பஸ் கண்டக்டர் ஒருவர் குடியிருந்தார். அவர் மனைவிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். தங்கமான பெண், ஆனால் வாயில் எதுவும் தங்காது. அவளைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

"ஒண்ணு சொல்றேன், யார்ட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் எதுக்கு சார் சொல்லப்போறேன்?"

"வெளிப்பக்கத்து எல பூரா பஸ்ஸு புழுதி. செவப்பே ஏறாது. உள்பக்கத்து எலதான் நல்லா செவக்கும். எங்க வூட்டுக்காரி கையப் பாத்தீங்கள்ல?"

நான் தெருவைக் கடந்து வந்து காபி குடித்து முடிப்பதற்குள் விஷயம் தெருக்கோடிக்குப் போய்விட்டது. "இந்தப் பொய்ய ஆபீஸ்ல சொல்லியிருந்தா ஒரு பிரமோஷனாச்சும் கெடச்சிருக்கும்" என்றாள் என் மனைவி.

அந்த ஆடியில் பெண்கள் வாசலில் கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு சிவப்பு ஜெயித்தது. உள்ளே வந்துவிட்டார்கள். அக்கா வழக்கம்போலக் கொல்லைக்கு எழுந்தாள்.

"அக்கா, எங்க ஓடுறீங்க? இந்தக் கெளைய கொஞ்சம் வளைச்சுப் புடிங்க, எட்டவே மாட்டேங்குது" என்றாள் எதிர் வீட்டுப் பெண். அவள் ஊர் வழக்கத்தை மாற்றக் கிளம்பியவள் ஒன்றும் இல்லை. ஆள் குள்ளம், அவ்வளவுதான்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். அவள் போய்க் கிளையைப் பிடித்தாள்.

அடுத்த வருஷம் அக்காவே ராஜாங்கம் நடத்தினாள். "அடியோட உருவாதடி, நுனிய மட்டும் கிள்ளு." "இந்தப் பத்திய போன தை மாசம் பறிச்சாச்சு, இதை வுடு, அந்தாண்ட போ." பெண்களும், "உத்தரவு மகாராணி" என்று கேலி செய்துகொண்டே அந்தாண்டை போவார்கள். இரண்டு பக்கமும் ஒரே சீராகக் கிள்ளு விழுந்ததில் வேலி நிமிர்ந்தது. ஒரு பல்லிகூட நுழைய முடியாத அடர்த்தி. அதன் உள்பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்திருப்பாள். அவளைத் தேடி ஆள் வருகிற இடம் அது ஒன்றுதான் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

எண்பதுகள் தொடங்கியிருந்தன. ஒரு மழைக்காலத்தில் வேலியின் மேல் மஞ்சள் மஞ்சளாக நூல் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. இலை கிடையாது, வேர் கிடையாது. வெயில் பட்டால் பொன் மாதிரி மின்னியது. நான் அதன் அழகில் மயங்கி, "நம்ம வேலி நகை போட்டுருக்குக்கா" என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். நகைக்குக் கீழே இலைகள் வெளுக்க ஆரம்பித்தபோதுதான் பயம் வந்தது. உடனே கத்திரியை எடுத்துச் சரமாரியாக நறுக்கினேன். துண்டுகள் வேலி மேலேயே விழுந்தன. ஒவ்வொரு துண்டும் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு புதிதாகக் கிளம்பியது.

விவசாய ஆபீஸில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்தார்.

"அம்மையார் கூந்தல் சார் இது. செடியச் சுத்திக்கிட்டு சாறைக் குடிச்சே வாழும். யாரு நறுக்குனது?"

"நான்தான்."

"நீங்க இதை ஒழிக்கல சார். பதியம் போட்டுருக்கீங்க."

அக்கா முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு நூலாகப் பிரித்தெடுக்கத் தொடங்கினாள். அறுந்து விழாமல், சுற்றினபடியே எதிர்ப்பக்கம் சுற்றி எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கூடை. பெரம்பலூர் வந்தபிறகு பிறந்த என் மகள் தெருப் பிள்ளைகளோடு வந்து வேடிக்கை பார்த்தாள்.

"அத்தை, இது நாங்க போட்டது."

"எதுக்குடி?"

"கல்யாண வெளாட்டுக்கு ரோட்டோரத்துலேர்ந்து எடுத்தாந்தோம். தாலி கட்ட. முடிஞ்சதும் இதுல தொங்க வுட்டுட்டோம்."

"யாரு பொண்ணு?"

"நான்தான்."

"மாப்ள?"

"அவன் அழுதுக்கிட்டு அவங்க வூட்டுக்குப் போயிட்டான் அத்தை."

"போனா போறான்" என்றாள் அக்கா. குனிந்து அடுத்த மஞ்சள் நூலைப் பிரித்தாள்.

எந்த இழவு வீட்டிலும் ஏதாவது சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுகிற நான், கூடையை அவள் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தேன். சாயங்காலம் கூடை நிறைந்திருந்தது. என் மனைவி அதைப் பார்க்காமல் கடந்து போனாள்.

பல நாள் பிரித்தாள். ஒரு பக்கம் எடுக்க மறுபக்கம் படர்ந்தது. இலை உதிர்ந்து உதிர்ந்து வேலியில் கண் கண்ணாக ஓட்டை விழுந்தது. ஓட்டை விழுந்தால் தெருவில் பேசுவது உள்ளே நன்றாகக் கேட்கும். ஒரு காலையில் எதிர் வீட்டுக் கண்டக்டரின் தாயார், தெருவில் நின்று யாரிடமோ சொன்னது இந்தப் பக்கம் இருந்த எங்கள் இருவர் காதிலும் விழுந்தது.

"பட்டுப்போவாம என்ன செய்யும்? வெக்கிற கை எதுன்னு பாக்க வேணாமா? மருதாணின்னா சும்மாவா?"

அக்காவின் கை வேலிக்குள் இருந்தது. பிறகு மெதுவாக வெளியே எடுத்தாள், கையைக் கழுவினாள், உள்ளே போய்விட்டாள்.

"இனிமே நீ புடுங்குடா. நான் தொட வேணாம்."

"அந்தக் கெழவி சொல்றதப் போய்... வேலிக்கு ஆவாத கைன்னா என் கைதான்கா. தலைகீழா நட்டவன், எலையப் பொசுக்குனவன், நறுக்கிப் பதியம் போட்டவன். என் பேரச் சொன்னாலே செடி செத்துரும்."

அவள் சிரிக்கவில்லை. நான் ஏறக்குறைய நல்லாத்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

விவசாய ஆபீஸ்காரர் கடைசி வைத்தியத்தைச் சொன்னார். அந்தக் கூந்தல் வெள்ளைப் பூ விட்டு விதை விழுவதற்கு முன்னால் வேலியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டியதை அங்கேயே போட்டு எரிக்க வேண்டும். மருதாணி அடியிலிருந்து துளிர்க்கும், ஆனால் ஏற்கெனவே விழுந்த விதை வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும். மழை பெய்யும்போதெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் அக்காவைக் கேட்டேன். உள்ளேயிருந்தே, "வெட்டிரு" என்றாள்.

வெட்டி எரித்தேன். பச்சைக் குச்சியில் நெருப்பு சரியாகப் பிடிக்காமல் தெரு முழுக்கப் புகை. எல்லோரும் சன்னலைச் சாத்தினார்கள். மறுநாள் வாசலில் நின்றால், தெருவில் போகிற யாரும் எங்கள் வீட்டுக் கொல்லை வரைக்கும் பார்க்கலாம் போல இருந்தது. அக்கா முக்காலியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அந்த ஆடியில் குட்டைக் கட்டைகளில் விரல் நீளத் துளிர்தான் இருந்தது. யாரும் வரவில்லை. சாயங்காலம் அக்கா, "பறிக்கிறதுக்கு எல ஏது, எப்படி வருவாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் தொடவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பால்காரர் வருவதற்கும் முன்னால் ஒரு நாள் எழுந்தவன், அவள் வேலி ஓரமாகக் குத்துக்காலிட்டு நகர்ந்து போவதைப் பார்த்தேன். மண்ணிலிருந்து முடி மாதிரி மஞ்சளாக எழும்பும் முளைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிடித்துக்கொள்ள ஒரு தண்டு கிடைக்காவிட்டால் அது தானாகவே செத்துவிடும் என்று ஆபீஸ்காரர் சொல்லியிருந்தார். அக்கா காத்திருக்கவில்லை. தெரு விழிக்கும் முன் வேலையை முடித்துவிட்டு உள்ளே வந்தாள். நான் தூங்குவது போல நடித்தேன். என் நடிப்புகளில் பலித்தது அது ஒன்றுதான்.

இரண்டு மழை அப்படிப் போனது. மஞ்சள் தலைகாட்டவில்லை. வேலி மறுபடி இடுப்புக்கு வந்தது. அப்போது அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். அதன் அர்த்தம் அவளுக்கு எங்களுக்கு முன்னாலேயே புரிந்தது. வாசல் அறையின் சன்னலோரமாகக் கட்டிலைப் போட்டோம். படுத்தபடியே வேலியின் உள்பக்கம் தெரியும்.

அந்த ஆடி வந்தது.

"யாராச்சும் வந்தாங்களாடா?"

"வருவாங்கக்கா, பொழுது இருக்குல்ல."

வந்தார்கள். தெருவிலேயே நின்று வெளிப்பக்கம் உருவினார்கள். நான் வாசலில் போய் நின்று என் பழைய பொய்யை எடுத்துவிட்டேன். "உள்பக்கத்து எல..." என்று தொடங்கியதுமே ஒரு பெண் சிரித்துக்கொண்டு, "பரவால்ல சார், நாங்க நல்லா கழுவிக்கிறோம்" என்றாள். கிழவி சொன்னது என் பொய்யைவிட ஆழமாக வேர் விட்டிருந்தது. நான் திரும்பி வந்தபோது அக்கா சன்னல் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

நடுப்பகலில், தெரு அடங்கிக் கிடந்த வேளையில், கதவு கிறீச்சென்றது. எதிர் வீட்டுப் பெண். கையில் பெரிய கிண்ணம்.

"மாமியா தூங்குறாங்க" என்று என்னிடம் கிசுகிசுத்துவிட்டு நேராகச் சன்னலுக்குப் போனாள். "அக்கா, எந்தப் பத்தியில பறிக்கட்டும்?"

அக்கா திரும்பிப் படுத்தாள். அவ்வளவு நாளில் கேட்காத ஒரு குரல் அவளுக்கு வந்தது.

"இடது கைப் பக்கம் போ. உருவாத, கிள்ளு. எட்டுதா?"

"எட்டுதுக்கா. வெட்டுனதுல அதுவும் என்னாட்டம் குள்ளமாயிருச்சு."

அக்கா சிரித்தாள். சிரித்தால் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சின்ன வயதில் போல. நான் இருக்கிற இடத்தில் இன்னொருத்தர் சொல்லி அவள் சிரித்தது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அந்தப் பெண் கிண்ணம் நிறைந்த பிறகும் போகாமல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினாள். மாமியார் எழுந்து கூப்பிடுகிற சத்தம் கேட்டபிறகுதான் ஓடினாள்.

ஐப்பசி மழையில் அக்கா போனாள்.

அன்றைக்குத் தெருவே வாசல் வழியாக உள்ளே வந்தது. சாவுக்கு யாரும் தயங்குவதில்லை. எதிர் வீட்டுக் கிழவியும் வந்து எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார், உண்மையாகத்தான் அழுதார். இடம் போதாமல் பெண்கள் வேலியின் உள்பக்கத்தோடு ஒட்டி ஒட்டி நின்றார்கள். மழைத் தண்ணீர் இலையிலிருந்து அவர்கள் தோளில் சொட்டியது. ஒருத்தியின் கையும் வேலிப் பக்கம் போகவில்லை. எப்படிப் போகும்?

அதற்கு அடுத்த ஆடியில், சாவு விழுந்த வீடு என்று யாரும் வரவில்லை. அதற்குள் கண்டக்டர் குடும்பம் அரியலூர்ப் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தது. பிறகு வந்த ஆடியில் கடையில் மருதாணிப் பொடி பொட்டலமாக வந்துவிட்டது. வேலியோ வளர்ந்தது. உள்ளும் வெளியும் ஒரே பச்சை. பூச்சி இல்லை, கரையான் இல்லை, மொட்டை இல்லை. அந்தப் பக்கமாக வந்த விவசாய ஆபீஸ்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"சார், இப்படி ஒரு வேலிய நான் பாத்ததே இல்ல. என்ன போடுறீங்க?"

"ஒண்ணும் போடல. யாரும் பறிக்கல."

கிள்ளாமல் விட்டால் ஒரு நாள் உயர்ந்துகொண்டே போய் அடியில் மொட்டையாகிவிடும் என்றும் அவர் எச்சரித்தார். அது எனக்குத் தெரியும். ஆகவே ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் நானே ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்பக்கம் போனேன். முக்காலியில் உட்கார்ந்து நுனி நுனியாகக் கிள்ளினேன். கிண்ணம் நிறைந்துவிட்டது. கொட்ட மனம் வரவில்லை. அம்மியில் போட்டு நானே அரைத்தேன்.

"ஆம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டுக்கொண்டே வந்த என் மனைவி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, அம்மியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் லீவு கிடைக்கவில்லை. அரைத்த வலது உள்ளங்கை முழுக்கச் சிவந்திருக்க ஆபீஸுக்குப் போனேன். புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வருகைப் பதிவில் கையெழுத்துப் போடும்போது மேலதிகாரி என் கையைப் பார்த்துவிட்டார். மொத்த ஆபீஸும் காதைத் தீட்டிக்கொண்டது. என் பதில்களுக்கு அங்கே ஒரு ரசிகர் கூட்டம் உண்டு.

"என்ன சார், யாருக்குக் கல்யாணம்?"

"உள்பக்கத்து எலை சார்" என்றேன். "நல்லா செவக்கும்."